முள்ளம்பன்றியும் கூலி கேட்காத கணக்குப்பிள்ளையும்

ஒரு காட்டில், பெரிய குளத்தின் கரையில், ஒரு சந்தை இருந்தது. காட்டில் ஏது சந்தை என்று கேட்டுக்கொண்டிருந்தால் கதை நகராது. இருந்தது, அவ்வளவுதான். மான் நெல்லிக்காய் கொண்டுவரும், கரடி தேனடை கொண்டுவரும், குரங்குகள் நாவற்பழம் கொண்டுவரும். தங்களிடம் இருப்பதைக் கொடுத்துத் தங்களுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்தச் சந்தையிலேயே நல்ல இடம் மருதமரத்தடி. தண்ணீர் குடிக்க வருகிற எந்த மிருகமும் அதைத் தாண்டித்தான் குளத்துக்குப் போகவேண்டும். அங்கே கூரம்மா என்கிற முள்ளம்பன்றி வள்ளிக்கிழங்குக் கடை வைத்திருந்தாள்.

முள்ளம்பன்றி பகலில் தூங்கும் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். கடை வைத்தவள் எங்கே தூங்குவது? அவளுக்கும் சேர்த்து அவள் வீட்டுக்காரர் வளையில் தூங்கினார். இரண்டு சின்னக் குட்டிகள் வேறு. நாலு வாய்க்கும் அந்தக் கடைதான் சோறு.

மருதமரத்தடி அவளுக்கு யாரும் தூக்கிக் கொடுத்த இடம் அல்ல. ஒரு காலத்தில் அங்கே ஆள் உயரத்துக்குக் காரைமுள் புதர் மண்டிக் கிடந்தது. யாரும் பக்கத்தில் போகமாட்டார்கள். கூரம்மா ஒரு கோடை முழுவதும் உட்கார்ந்து, தன் நகத்தாலேயே அத்தனை புதரையும் வேரோடு பறித்துப் போட்டாள். முள்ளோடு பிறந்தவளை முள் என்ன செய்யும்? அதனால் அந்த நிழல்மேல் அவளுக்கு உயிர்.

உழைப்பாளிதான், சந்தேகமில்லை. ஆனால் அவளிடம் ஒரு குணம் இருந்தது. எதற்கும் பேரம் பேசுவாள். கரடியிடம் பேசிப் பேசி, ஒரு தேனடைக்கு இரண்டு கூடை என்றிருந்ததை ஒன்றரைக் கூடையாக்கியவள். கரடி தலையைச் சொறிந்துகொண்டு போனதைச் சந்தையே பார்த்தது. அன்றிலிருந்து, தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று கூரம்மாவுக்கு ஒரு நினைப்பு.

அந்தக் காட்டில் பத்துக் கூடை விற்றால் ஒரு கூடை அரசருக்கு. அரசர் புலி. அவர் கிழங்கு தின்னமாட்டாரே என்று யாரும் கேட்கவில்லை. புலியிடம் அப்படியெல்லாம் கேட்கிற வழக்கம் இல்லை. அதுவரைக்கும் மலையாண்டி என்கிற யானை அதிகாரி வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, குவியலைக் கண்ணால் அளந்து, தும்பிக்கைக்கு வந்ததை எடுத்துப் போவார். அதில் சண்டை வந்தது. என்னிடம் அதிகம் எடுத்தார், அவனிடம் குறைவாக எடுத்தார் என்று எல்லோரும் புலம்பினார்கள்.

அதனால் அரண்மனையிலிருந்து புது உத்தரவு வந்தது. இனிமேல் ஒவ்வொரு கடைக்கும் எழுத்தில் கணக்கு வேண்டும். கணக்கை மரப்பட்டையில் எழுதி மாசி மாதம் யானையிடம் கொடுத்துவிட வேண்டும். கடைக்காரர் தன் கணக்கைத் தானே எழுதக்கூடாது. தானே எழுதினால் எல்லோரும் ஏழையாகவே எழுதிக்கொள்கிறார்களாம். இன்னொருவரை வைத்து எழுதி, கடைசியில் கடைக்காரர் தன் அடையாளத்தை வைக்கவேண்டும். மான் என்றால் குளம்பை அழுத்தவேண்டும். முயல் என்றால் பல்லால் கடிக்கவேண்டும். கூரம்மா தன் முள் ஒன்றைப் பிடுங்கிப் பட்டையில் குத்தவேண்டும். குத்திவிட்டால் எழுதியிருப்பது எல்லாம் அவள் சொன்னது என்று அர்த்தம்.

சந்தையில் கணக்குப்பிள்ளை என்றால் கொண்டையனார்தான். அவர் ஒரு மரங்கொத்தி. சிரிக்கமாட்டார். ஒரு கூடைக்கு ஒரு துளை, தப்பாமல் கொத்துவார். பத்து நாளுக்கு ஒரு தடவை கடைக்கு வந்து, விற்றது எத்தனை, அழுகியது எத்தனை, எலி தின்றது எத்தனை என்று நின்று எண்ணிவிட்டுப் போவார். வருஷக் கூலி ஆறு கூடை.

ஆறு என்று கேட்டதும் கூரம்மாவின் முதுகு முள்ளெல்லாம் எழுந்து நின்றது.

"ஆறு கூடையா? கொத்துகிற மரம் காட்டில் சும்மா கிடக்கிறது. மூக்கு உங்கள் கூடவே பிறந்தது. இதில் உங்களுக்கு என்ன செலவு ஐயா?"

"செலவு இல்லை. வேலை இருக்கிறது."

"இரண்டு தருகிறேன். உடைந்த கிழங்கு எல்லாம் உங்களுக்கே."

"நான் கிழங்கு தின்பதில்லை அம்மா. மாற்றி வேறு வாங்கிக்கொள்வேன். உடைந்ததை யாரும் மாற்றமாட்டார்கள். ஆறு."

"மூன்று."

"ஆறு," என்றார் கொண்டையனார். "இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு அரசருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். இங்கே உங்கள் கடை இருக்கிறது என்பதற்கு நாளைக்கு அதுதான் சாட்சி."

"கடை இருக்கிறது என்பதற்குச் சாட்சி எதற்கு? இதோ நான் உட்கார்ந்திருக்கிறேனே."

கொண்டையனார் சிறகை விரித்தார். பேரம் பேசத் தெரியாதவர்களிடம் பேசுவதே வீண் என்று கூரம்மா நினைத்துக்கொண்டாள். அவரும் ஏறக்குறைய அதையேதான் நினைத்திருக்கவேண்டும். பறந்துபோனார்.

பக்கத்துக் கடை செவந்தி என்கிற முயலுடையது. அருகம்புல் கட்டு விற்பாள். அவளும் அதே கூலிக்குத்தான் கொண்டையனாரை அமர்த்தியிருந்தாள். கொடுக்க மனசே வரவில்லை, ஆனாலும் கொடுத்துத் தொலைத்தேன் என்றாள். உனக்குச் சாமர்த்தியம் போதாது என்று கூரம்மா அவளுக்குப் புத்தி சொன்னாள்.

சந்தைக்குத் தெற்கே ஒரு கள்ளிவேலி. அதன்மேல் வேலியப்பன் என்கிற ஓணான் நாள் முழுக்க வெயிலில் படுத்திருப்பான். வேலை என்று ஒன்றும் கிடையாது. யார் எதைச் சொன்னாலும் தலையை மேலும் கீழும் ஆட்டுவான். ஆறு கூடைப் பேச்சையெல்லாம் அவன் அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு இறங்கி வந்தான்.

தனக்கும் பட்டையில் கீறத் தெரியும் என்றான். கணக்கு எழுதித் தருகிறேன் என்றான். கூரம்மா உடனே உஷாராகி, கூலி எவ்வளவு என்று கேட்டாள்.

"உங்களிடம் கூலி வாங்குவேனா அக்கா? ஒரு கிழங்கு வேண்டாம். அரண்மனைக்குப் போகிற பங்கில் நான் எவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறேனோ, அதில் பாதி கொடுங்கள். மிச்சம் இல்லையென்றால் எனக்கும் இல்லை."

"மிச்சமே இல்லாவிட்டால் ஒன்றும் கேட்கமாட்டாயே?"

வேலியப்பன் தலையை ஆட்டினான்.

"பாதி அதிகம். மூன்றில் ஒன்று வைத்துக்கொள்."

அதற்கும் ஆட்டினான். ஆனால் பாதியிலேயே நின்றான். கூரம்மா எத்தனை தடவை மூன்றில் ஒன்று என்றாளோ அத்தனை தடவையும் தலையை ஆட்டிவிட்டு, பாதி என்றான். கடைசியில் அவளுக்கே அலுத்துப்போய் பாதிக்கு ஒத்துக்கொண்டாள். எப்படிப் பார்த்தாலும் கைச்செலவு இல்லாமல் ஒரு கணக்குப்பிள்ளை. தலையாட்டுகிற கணக்குப்பிள்ளை வேறு. மூக்கை நீட்டிக்கொண்டு பதில் பேசுகிறவரைவிட இது எவ்வளவோ மேல்.

விஷயம் தெரிந்ததும் செவந்தி ஓடிவந்தாள்.

"வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாளாம் ஒருத்தி. அந்தப் பழமொழி உனக்குத் தெரியுமா அக்கா?"

"அதைச் சொன்னவன் கணக்குப்பிள்ளைக்குக் கூலி கொடுத்துப் பார்த்திருக்கமாட்டான்," என்றாள் கூரம்மா.

அந்த வருஷம் கூரம்மா விற்றது முந்நூறு கூடை. அரசர் பங்கு முப்பது போகவேண்டும். மாசி மாதம் வந்தது. வேலியப்பன் பட்டையைக் கீறிக்கொண்டு வந்து நீட்டினான். விற்றது நூறு கூடை, அழுகியது இருநூறு கூடை என்று எழுதியிருந்தான்.

கூரம்மா பட்டையைப் பார்த்தாள். அழுகியது இருபதுகூட இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். கொஞ்சம் யோசித்தாள். முப்பதுக்குப் பதில் பத்துக் கூடை போகும். இருபது மிச்சம். அதில் பத்து இவனுக்கு, பத்து தனக்கு. யோசனை அங்கேயே முடிந்துபோயிற்று. வாயைத் திறக்காமல் ஒரு முள்ளைப் பிடுங்கிக் குத்தினாள்.

யானை பட்டையைப் பார்த்தார், பத்துக் கூடையை வாங்கிக்கொண்டார், போனார். மலையாண்டிக்கு ஒரே ஒரு குணம். பட்டையில் இருப்பதைத்தான் நம்புவார்.

கூரம்மா அன்றைக்கே செவந்தியிடம் போய்ப் பெருமை அடித்தாள். செவந்தி காதை நிமிர்த்திக்கொண்டு கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள். ஆறு கூடை கொடுக்கமாட்டேன் என்றவள் ஓணானுக்குப் பத்துக் கூடை கொடுத்தாயா? கொடுத்தேன், ஆனால் எனக்கும் பத்து மிஞ்சியதே என்றாள் கூரம்மா. புல் விற்கிறவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது என்றும் சேர்த்துச் சொன்னாள். செவந்தி தன் வேலைக்குத் திரும்பினாள். கொண்டையனார் கொடுத்த பட்டையை எடுத்து, ஒவ்வொரு துளையாக எண்ணிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் கடித்து வைத்தாள்.

அடுத்த வருஷமும் முந்நூறு கூடை விற்றது. மாசி நெருங்கும்போது கூரம்மாவே வேலியப்பனைக் கூப்பிட்டாள். ருசி கண்ட பூனை என்பார்கள். முள்ளம்பன்றிக்கும் பொருந்தும்.

"போன தடவை பத்துக் கூடை போய்விட்டது தம்பி. இன்னும் குறைக்க வழி இல்லையா?"

"இருக்கிறது அக்கா. ஆனால் ஒரே ஒரு வரிதான் எழுதவேண்டியிருக்கும்."

"ஒரு வரி என்றால் நல்லதுதானே. பட்டையும் மிச்சம்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு போனான். மறுநாள் ஒரு வரி கீறிய சின்னப் பட்டையோடு வந்தான். அப்போது கடையில் கரடி நின்றிருந்தது. கரடியிடம் தேனடையின் ஓரம் உடைந்திருக்கிறது என்று சொல்லிக் கால் கூடை குறைத்துக்கொண்டிருந்தாள் கூரம்மா. முக்கியமான கட்டம். என்ன எழுதியிருக்கிறாய் என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அரண்மனைக்கு ஒரு கூடைகூடப் போகாது என்று எழுதியிருக்கிறேன் அக்கா."

"எங்கே குத்தவேண்டும்?"

"இங்கே."

குத்தினாள். கரடியிடமும் கால் கூடை குறைந்தது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் ஜெயித்ததாக அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அரசர் பங்கு முப்பதும் மிச்சம். பதினைந்து ஓணானுக்கு. பதினைந்து அவளுக்கு. குட்டிகளுக்குத் தேன் வாங்கிக்கொண்டு போனாள். வீட்டுக்காரரைத் தட்டி எழுப்பி விஷயத்தைச் சொன்னாள். அவர், நல்லதாகப் போயிற்று என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார்.

இப்படியே ஓடி, அடுத்த மாசியும் நெருங்கியது. வடக்கு மலையில் அந்த வருஷம் மழையே இல்லை. ஊற்றெல்லாம் வற்றி, அங்கிருந்த மிருகங்கள் கூட்டம் கூட்டமாகக் குளத்துப் பக்கம் வந்துவிட்டன. வந்தவர்களும் பிழைக்கவேண்டுமே. சந்தையில் இடம் கேட்டார்கள். புலியரசர் மலையாண்டியைக் கூப்பிட்டு, காலி இடம் இருந்தால் பார்த்துக் கொடு என்றார்.

ஒரு நாள் முற்பகலில் மலையாண்டி பட்டைக் கட்டோடு சந்தைக்கு வந்தார். கடை கடையாக நின்று பட்டையைப் பார்த்தார். செவந்தியின் பட்டையில் துளையை எண்ணிவிட்டு, சரி என்று நகர்ந்தார். மருதமரத்தடிக்கு வந்தார். ஒரு சின்னப் பட்டையை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார்.

"கூரம்மா என்பது யார்?"

"நான்தான் ஐயா."

"இங்கே என்ன செய்கிறாய்?"

கேள்வி அவளுக்குப் புரியவில்லை. கிழங்குக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? கடை வைத்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் யானை பட்டையைப் படித்தார்.

"மருதமரத்தடிக் கிழங்குக் கடை மூடப்பட்டது. இப்படி எழுதியிருக்கிறது. போன மாசியில் கொடுத்த கணக்கு. இந்த முள் உன்னுடையதுதானே?"

பட்டையின் கீழே கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள் நின்றிருந்தது. அவளுடையது இல்லையென்று சொல்ல வழியே இல்லை. காட்டில் வேறு யாருக்கும் அப்படி ஒரு முள் கிடையாது.

கூரம்மா திரும்பி வேலியைப் பார்த்தாள். வேலியப்பன் வேலியில் இல்லை. அவள் காதுக்குப் பக்கத்தில், மருதமரத்து வேரின்மேல் இருந்தான்.

மலையாண்டி அவசரப்படுகிறவர் அல்ல. ஒவ்வொன்றாகச் சொன்னார். கடை மூடியிருந்தால் சரி, பங்கு கொடுக்காததில் தப்பில்லை. கடை நடந்திருந்தால் இந்தப் பட்டை பொய். பொய்ப் பட்டையில் அடையாளம் வைத்தவர், கொடுக்காமல் விட்ட பங்கை மூன்று மடங்காகக் கட்டவேண்டும். கட்டிவிட்டுக் குடும்பத்தோடு ஆற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும். அது அரசர் போட்ட சட்டம், மாற்றுவதற்குத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெறும் பாறை. கிழங்கு முளைக்காது. வளை தோண்டவும் முடியாது. செந்நாய்கள் திரிகிற இடம். கூரம்மாவின் குட்டிகளுக்கு இன்னும் முள் கெட்டிப்படவில்லை.

"இரண்டில் ஒன்றுதான் உண்மை," என்றார் மலையாண்டி. "நீ சொல்வதை எழுதிக்கொள்கிறேன். கடை நடந்ததா, மூடியிருந்ததா?"

வேலியப்பன் அவள் காதில் மட்டும் விழுகிற மாதிரி சொன்னான்.

"யோசித்துச் சொல்லுங்கள் அக்கா. என்னைக் காட்டிக் கொடுத்தாலும் சரிதான். எழுதினது நான், குத்தினது நீங்கள்."

சந்தை முழுவதும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. கரடி தேனடையோடு நின்றது. கடை நடந்தது என்று செவந்தி சாட்சி சொன்னால் கூரம்மா ஆற்றைத் தாண்டவேண்டும். நடக்கவில்லை என்று பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதனால் காதை மடித்துக்கொண்டு புல்கட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

கூரம்மா தன் கடையைப் பார்த்தாள். புதர் பறித்த இடத்தைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, பேரத்தை ஆரம்பிக்கவே வழி இல்லை. மூன்று என்றால் ஆறு, ஆறு என்றால் மூன்று என்று இழுக்க இதில் ஒன்றும் இல்லை.

"மூடியிருந்தது ஐயா," என்றாள்.

"அப்படியானால் இந்தக் குவியல்?"

"வீட்டுச் சாப்பாட்டுக்கு."

"பன்னிரண்டு கூடை இருக்கும் போலிருக்கிறதே."

"வீட்டுக்காரர் நன்றாகச் சாப்பிடுவார்."

யாரும் சிரிக்கவில்லை. மலையாண்டி அதையும் எழுதிக்கொண்டு, பட்டைக் கட்டிலிருந்து இன்னொரு பட்டையை உருவினார். ஒரு வருஷம் மூடியிருக்கிற கடையின் இடம் முதலில் மனுக் கொடுத்தவருக்குப் போகும். வடக்கு மலையிலிருந்து வந்தவர்கள் நேற்றுத்தான் கேட்டார்கள். ஆனால் மருதமரத்தடிக்குப் போன மாசியிலேயே, கணக்குக் கொடுத்த மறுநாளே, ஒரு மனு வந்து காத்திருக்கிறது.

"மனுதாரர் வேலியப்பன். இருக்கிறாரா?"

வேலியப்பன் வேரிலிருந்து இறங்கி முன்னால் வந்து தலையை ஆட்டினான்.

யானை போனபிறகு கூரம்மா அவனை மறித்தாள். முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. ஆனால் முள்ளை அவனிடம் காட்டி என்ன பிரயோஜனம், குத்தக்கூடாத இடத்தில் குத்தியாகிவிட்டது.

"கிழங்கு தோண்ட உனக்கு நகம் இருக்கிறதா? ஒரு கூடை தூக்க முதுகு இருக்கிறதா? இந்தக் கடையை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்?"

"எனக்கு எதற்கு அக்கா நகம்," என்றான் வேலியப்பன். "நீங்கள் இருக்கிறீர்களே."

வடக்கு மலைக்காரர்களுக்கும் நகம் உண்டு, அவர்களும் வேலை தேடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, பத்துக் கூடை தோண்டினால் ஒரு கூடை கூலி என்றான். கூரம்மா இரண்டு கேட்டாள். தலையை ஆட்டினான். ஒன்று என்றான். ஒன்றரை கேட்டாள். அதற்கும் ஆட்டினான். ஒன்று என்றான். வளையில் இரண்டு குட்டிகள் பசியோடு இருந்தன. ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனாள்.

அடுத்த நாள் காலையில் அவள் முதல் கூடையைக் கொண்டுவந்து இறக்கும்போது, மருதமரக் கிளையில் கொண்டையனார் உட்கார்ந்திருந்தார். வேலியப்பன்தான் அவரை வரவழைத்திருந்தான். கூலி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆறு கூடை," என்றார் கொண்டையனார். "எல்லோருக்கும் அதேதான்."

கூரம்மா கூடையைக் கீழே வைக்காமல் நின்றாள். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று கேட்கவேண்டியிருந்தது.

"ஏழாக வைத்துக்கொள்ளுங்கள் ஐயா," என்றான் வேலியப்பன். "ஒரு கூடை விடாமல் எழுதுங்கள். அரசர் பங்கு முப்பது வந்தால் முப்பதும் போகட்டும். மருதமரத்தடியில் கடை இருக்கிறது என்று மலையாண்டி ஒவ்வொரு மாசியும் படிக்கவேண்டும்."

இதைச் சொல்லும்போது மட்டும் அவன் தலையை ஆட்டவில்லை.

பத்து நாள் கழித்துக் கொண்டையனார் கூரம்மாவிடம் ஒரு பட்டையை நீட்டினார். அவள் தோண்டியது எத்தனை, அவளுக்குக் கூலி கொடுத்தது எத்தனை என்று அதில் துளை துளையாக இருந்தது. தோண்டியதற்குப் பத்துத் துளை. கூலிக்கு ஒரு துளை. கூலி வாங்கியதற்கு அடையாளம் வைக்கவேண்டும் என்றார்.

கரடி தேனடையோடு வந்து, கிழங்கு எத்தனை என்று அவளிடம் கேட்டது. பழக்கம்தான். கூரம்மா, கடைக்காரரைக் கேள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பட்டையைப் படித்தாள். ஒரு பக்கம் முழுக்கப் படித்தாள். திருப்பி, மறுபக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். நகத்தை வைத்து ஒவ்வொரு துளையாக எண்ணினாள். நடுவில் விட்டுப்போக, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். கொண்டையனார் கிளையில் பொறுமையாகக் காத்திருந்தார்.

கணக்கு சரியாக இருந்தது. அவள் ஒரு முள்ளைப் பிடுங்கிக் குத்தினாள்.

நீதி: கூலி வேண்டாம் என்கிற கணக்குப்பிள்ளை, கடையையே கூலியாக எடுத்துக்கொள்வான்.